மொதல்ல மூடியைக் கழட்டிப் பாருங்க

மஞ்சள் வெட்டு, வேகவைக்கறதுன்னு ஒரு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு விவசாயம் எழுதப் போறதில்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர் பத்தி எழுதப் போறேன். பத்தாவது படிச்சவனுக்கு இது எதுக்குன்னு கேக்கறவங்க முழுசாப் படிச்சுட்டுக் கேளுங்க.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மொபெட்டுல சிபியூ டப்பாவை முன்னாடி வெச்சுக்கிட்டு டவுனுக்குக் கெளம்பிட்டு இருந்தார். என்னண்ணான்னு நிறுத்திக் கேட்டேன்.

"நெட்டே வேலை செய்யலப்பா. சொசைட்டிக்குக் கொடுக்கச் சிட்டா எடுக்கணும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது. கடைக்காரத் தம்பி ஃபோன்லயே சொல்லிட்டான், விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மேட் பண்ணணும், எண்ணூறு ரூபா ஆகும்னு."

"தேதி எத்தனை காட்டுதுன்னு பார்த்தீங்களாண்ணா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொல்லி எங்க வீட்டுலயே மாட்டிப் பார்த்தோம். கீழ மூலையில 2012 ஜனவரி 1-ன்னு காட்டுது. தேதியைச் சரி பண்ணினதும் இணையப் பக்கமெல்லாம் திறந்துருச்சு. சிட்டாவும் எடுத்தாச்சு. மொத்தமா அஞ்சு நிமிஷ வேலைங்க.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் பலகைக்குள்ள ஒரு ரூபாய்க் காசைவிடக் குண்டா, வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032-ன்னு அது மேலயே எழுதியிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டறது அதுதான். சில வருஷத்துல அது தீர்ந்து போயிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கம்ப்யூட்டர் பழைய தேதிக்குப் போய் உக்காந்துக்கும். இப்ப இருக்கற இணையப் பக்கம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு. நம்ம கம்ப்யூட்டர் 2012-ல இருந்தா அதோட கணக்குல அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காத புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கேட்டா கொடுப்பாங்களா? அதனாலதான் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது. வாட்ச் கடையில நாப்பது ரூபாய்க்கு அந்தப் பேட்டரி வாங்கி மாட்டிவிட்டேன். இதுக்கா ஃபார்மேட்?

ஃபார்மேட்ங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். அதுக்குக் காரணம் இருக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்ன எங்க வீட்டு டப்பா ஒரு நாள் காலையில உயிர் வரல. ஃபேன் சுத்துது, பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணும் வரல. மக காலேஜ் சேர்ந்தப்ப வாங்குனது அது. அவ கல்யாணம் பண்ணிப் போன பின்னாடி நான்தான் வெச்சுத் தட்டிக்கிட்டு இருந்தேன். டவுனுக்குக் கொண்டு போனேன். சாயங்காலம் வாங்கிக்கச் சொன்னாங்க. ஆயிரத்து இருநூறு ரூபாய்.

"மெமரி லூசா இருந்துச்சுங்கண்ணா, மாட்டிட்டேன். அப்படியே விண்டோஸும் புதுசாப் போட்டுட்டேன், இனிமே சும்மா பறக்கும்"னு சொன்னான் அந்தத் தம்பி. சந்தோஷமாத்தான் சொன்னான். எனக்கு நல்லது பண்ணினதாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தான்.

வீட்டுக்கு வந்து போட்டா எல்லாம் பளபளன்னு இருக்கு. எங்கம்மா போட்டோ இருந்த ஃபோல்டர் இல்ல. அம்மா தவறி அப்ப எட்டு மாசம். மக கேமராவுல எடுத்த படம், பொங்கலுக்கு எடுத்தது, அப்புறம் ஒரு வீடியோ. களத்துல உக்காந்து, எங்கப்பா காலத்துல ஏத்தம் எறைச்ச கதையைப் பேத்திக்குச் சொல்ற வீடியோ அது. நாலு நிமிஷம் இருக்கும்.

கோயமுத்தூர்ல வேலை பார்க்கற அக்கா பையனுக்கு ஃபோன் போட்டேன். "மாமா, மொதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. ஒண்ணுமே பண்ணாதீங்க, ஒரு படம்கூட அதுல சேமிக்காதீங்க"ன்னான். ஞாயித்துக்கிழமை வந்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி அவன் லேப்டாப்போட சேர்த்து ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ராத்திரி பூரா ஓட்டினான். அன்னிக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அவசர ஃபார்மேட்ங்கறது காட்டை உழுது போடறது இல்லீங்க. அடங்கல் ரிஜிஸ்தரைக் கிழிச்சுப் போடற மாதிரி. எந்தப் பயிர் எங்க இருக்குன்னு எழுதி வெச்சது போயிரும், பயிர் காட்டுலதான் நிக்கும். ஆனா அது மேல விண்டோஸை ஏத்துனா, ஏத்துன இடம் வரைக்கும் பழசு அழிஞ்சது அழிஞ்சதுதான்.

ஆயிரத்துச் சொச்சம் படம் திரும்பி வந்துச்சு. பேரெல்லாம் போயிருச்சு, எல்லாம் வெறும் நம்பர்தான். ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தோம். அம்மா படம் பதினொண்ணு இருந்துச்சு. அந்த வீடியோவும் வந்துச்சு, ஆனா திறக்கல. துண்டு துண்டா வேற வேற இடத்துல கிடந்த ஃபைல் ஒட்டாதாம். அம்மா குரல் எங்கிட்ட இப்ப இல்ல.

அந்தத் தம்பியை நான் திட்டல. கேக்காம அழிச்சது அவன் தப்பு, வேற எங்கயும் ஒரு பிரதி எடுத்து வைக்காதது எந்தப்பு. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. வந்த கோளாறு மெமரி லூசானது. அதை மாட்டுறதுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டியதில்ல. மூடியை நானே கழட்டியிருந்தா அந்த நாலு நிமிஷம் இன்னிக்கும் இருந்திருக்கும்.

மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் இழுக்கலைன்னா நாம என்ன பண்றோம்? ஃபியூஸ் போயிருக்கான்னு பார்க்கறோம், காயிலைப் பார்க்கறோம், காண்டாக்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறோம். அதுவும் மூணு ஃபேஸ் கரண்ட்ல, ஈரக் கால் நேரத்துல. அவ்வளவு தைரியம் இருக்கற ஆளு, நாலு ஸ்குரு இருக்கற தகர டப்பாவைக் கண்டா கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். அது படிச்சவங்க சாமான், நமக்கு ஆகாதுங்கற நெனப்பு. கடைக்காரங்களுக்கு அந்தப் பயம் வருமானம். எல்லாக் கடையும் அப்படி இல்ல, காசே வாங்காம அனுப்பிவிட்ட மெக்கானிக்கும் இருக்கார். ஆனா எதுக்கெடுத்தாலும் ஃபார்மேட்ங்கறது, மாடு தீனி எடுக்கலைன்னா மாட்டையே மாத்துங்கற வைத்தியம்.

நம்ம வீடுகள்ல வர்ற கோளாறுல பாதி தூசியால வருதுன்னு என் அனுபவத்துல சொல்வேன். களத்துத் தூசி, மஞ்சள் பொடி, தவிட்டுத் தூசி எல்லாம் ஃபேன் வழியா உள்ள போய் அடைச்சுக்கும். சூடு வெளியே போகாம பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சுக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியைக் கழட்டி, புது பெயிண்ட் பிரஷ்ல மெதுவாத் தள்ளணும். ஃபேன் எறக்கையை ஒரு விரல்ல பிடிச்சுக்கணும், கண்டபடி சுத்த விடக்கூடாது. வாயில ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரசரும் வேண்டாம், அந்தக் காத்துல தண்ணி இருக்கும். நான் சைக்கிள் பம்ப் வெச்சிருக்கேன். எங்க வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆயுத பூஜைக்கு ஒண்ணு, அறுவடை முடிஞ்சு ஒண்ணு. இப்ப எஞ்சம்சாரமே பண்ணிருவா, என்னைவிடச் சுத்தமா. போன தடவை உள்ள பல்லி முட்டை ரெண்டும் ஒரு எறும்புக் கூடும் எடுத்தா.

பீப் சத்தம் வந்து திரை இருட்டா இருந்தா மெமரி அட்டையைப் பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் கிளிப் இருக்கும், அமுக்கினா மேல எழும்பும். தொடறதுக்கு முன்னாடி டப்பாவோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோங்க, நம்ம ஒடம்புல இருக்கற நிலை மின்சாரம் எறங்கிரும். அட்டையோட தங்க நிறப் பல்லைப் பள்ளிக்கூடத்து அழி ரப்பர்ல மெதுவாத் தேய்ச்சுத் துடைச்சு, கிளிப் டக்குனு விழற வரைக்கும் அமுக்கி மாட்டணும். அன்னிக்கு எனக்கு ஆயிரத்து இருநூறு ரூபாயும் ஒரு வீடியோவும் போன வேலை இதுதான்.

தொடக்கூடாததும் இருக்குங்க. கரண்ட் வயர் வந்து சேர்ற எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பின்னாடியும் உள்ள இருக்கற கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும், தூக்கி அடிக்கும். போச்சுன்னா பெட்டியோட மாத்திக்கலாம். லேப்டாப் பேட்டரி உப்பி இருந்தா குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. அது தீப்பிடிக்கற சாமான். ஹார்ட் டிஸ்க் டக் டக்னு அடிச்சா உடனே ஆஃப் பண்ணுங்க, அதுக்கு விவரமான ஆள்கிட்டத்தான் போகணும். எலி கடிச்ச வயரை டேப் சுத்தி ஒப்பேத்த வேண்டாம், மாத்திருங்க. எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போற வயர் நூறோ நூத்தம்பதோதான்.

கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு சொல்றது இன்னொரு வகை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல ஸ்டார்ட்அப்னு ஒரு பகுதி. கம்ப்யூட்டர் போட்டதும் கூப்பிடாமலே எழுந்து வர்ற விருந்தாளிங்க பட்டியல் அது. தேவையில்லாததை நிறுத்திடலாம். அப்பவும் ஆமையா இருந்தா பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்க. எனக்கு ரெண்டாயிரத்துக்குள்ள ஆச்சு, பழைய டப்பா புதுசாட்டம் ஓடுது. ஆனா ஒண்ணு, அதுல அழிச்சது பழைய டிஸ்க் மாதிரி சுலபமாத் திரும்பி வராதுன்னு மாப்பிள சொன்னான். பிரதி எடுத்து வெச்சுக்கிட்டு மாத்துங்க.

இப்ப கடையில புதுசா ஒரு பாட்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது, உங்க மெஷின்ல 11 ஏறாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு. முடிஞ்சது நெசம், பழைய மெஷின்ல 11 ஏறாததும் நெசம். ஆனா தூக்கிப் போடத் தேவையில்ல. மக பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? 2011-ல ஆரம்பிச்ச திட்டம். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸ்னு ஒண்ணும் சேர்ந்து வந்துச்சு, சி-டாக் உருவாக்கினது. அன்னிக்கு யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கல. அந்த லினக்ஸ் வகையில ஒண்ணைத்தான் இப்ப மாப்பிள எங்க வீட்டு டப்பாவுல ஏத்தியிருக்கான். இதை எழுதறது அதுலதான். தமிழ் தட்டச்சும் நல்லா வருது.

திடீர்னு திரை பூரா சிவப்பாகி, வைரஸ் வந்துருச்சு, இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்கன்னு வந்தா அது கோளாறே இல்ல, திருட்டு. நெசமான எச்சரிக்கையில ஃபோன் நம்பர் வராது. ஆல்ட், எஃப்4 அமுக்கி மூடுங்க, மூடலைன்னா ஆஃப் பண்ணுங்க. எங்க ஊர்ல ஒருத்தர் கூப்பிட்டார், அவங்க சொன்னதை இறக்கினார், கரும்புப் பணத்துல ஒரு பங்கு போயிருச்சு. வெக்கத்துல ஒரு வாரம் வெளிய சொல்லல. பணம் போனா அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடணும், வெக்கப்படறதெல்லாம் அப்புறம்.

மககிட்ட இதை எழுதப் போறேன்னு சொன்னேன். "அப்பா, நீங்க சொல்றதைக் கேட்டு யாராவது வாரன்ட்டி இருக்கற மெஷினைப் பிரிச்சுட்டா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். வாரன்ட்டி இருந்தா கம்பெனிக்காரனையே கூப்பிடுங்க. நான் சொல்றது அதெல்லாம் முடிஞ்ச பழசுக்கு. நம்ம ஊர்ல எல்லாமே பழசுதானுங்களே.

கடைக்குக் கொண்டு போறதா இருந்தாலும், மொதல்ல போட்டோ, பத்திரம் ஸ்கேன் பண்ணினது எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்குல ஏத்தி வீட்டுல வெச்சுட்டுப் போங்க. மெஷின் உயிரோட இல்லைன்னா ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வீட்டுல வெச்சுட்டு மத்ததைக் கொடுங்க. ரெண்டு வயரும் சில ஸ்குருவும்தான். டிஸ்க் இல்லாம எப்படிப் பார்க்கறதுன்னு கேட்டா, திரையில எழுத்து வர்ற வரைக்கும் பாரு போதும்னு சொல்லுங்க.

அண்ணன் வீட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, உள்ள என்ன இருக்குன்னு பார்த்துப் பிரதி எடுத்துரலாமான்னு கேட்டேன். ஒண்ணுமில்லப்பா, பழைய கல்யாணப் படம் கொஞ்சம், அப்பாரு பேசுன வீடியோ ஒண்ணுன்னார். அன்னிக்கே எடுத்துட்டோம். ரெண்டு பிரதி. ஒண்ணு அவர் பீரோவுல, ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு.