பருத்தி விளைச்சலில் ஜெயிப்பது எது?

நாரணாபுரம், சிவகாசிக்குப் பக்கத்து ஊர். பட்டாசுக்குப் பேர் போன வட்டாரம். வறண்ட பூமி. வெயில் பட்டாசு காய்வதற்கு நல்லது. பயிருக்கு?

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் காலங்காலமாக விளைவது பருத்தி. பெரும்பாலும் மானாவாரி. மழை தவறினால், போட்ட பணம் மண்ணோடு போகும். ஆகவே, எந்த விதையைப் போடுவது என்பது குடும்பத்தின் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

மரபணு மாற்றிய "பி.டி." பருத்தியா? ரசாயனம் போடாத இயற்கை விவசாயமா? எதில் மகசூல் அதிகம்?

புழுவைக் கொல்லும் செடி

மண்ணில் வாழும் ஒரு நுண்கிருமியின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். அதனால் செடியே நஞ்சை உண்டாக்கும். அதைத் தின்ற காய்ப்புழு சாகும். 2002-ல் இந்திய அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

2001-02-ல் இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 2½ ஏக்கருக்கு, ஏறத்தாழ 300 கிலோ பஞ்சு கிடைத்தது. 2007-08-ல் அது ஏறத்தாழ 550 கிலோ ஆனது.

எல்லாம் புது விதையின் வேலையா? இல்லை. அதே காலத்தில் உரமும் பாசனமும் கூடின. பி.டி. செடி, காய்த்ததைப் புழுவிடமிருந்து காப்பாற்றும். அவ்வளவுதான். அந்தக் காவலும் பிறகு தளர்ந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது. குஜராத்தில் இது 2010-ல் வெளிப்பட்டது.

ஒரே நிலத்தில் பரீட்சை

மத்தியப் பிரதேசத்தில் கார்கோன் மாவட்டம். அங்கும் கரிசல் மண்தான். சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 2007-ல் அங்கே இரு முறைகளையும் அருகருகே பயிரிட்டுப் பார்த்தார்கள். ரசாயன முறையில் பி.டி. பருத்தியும் இருந்தது.

முதல் 2 ஆண்டுகளில் இயற்கை முறைப் பருத்தி 29 சதவீதம் குறைவு. அடுத்த 2 ஆண்டுகளில் ஏறக்குறையச் சமம். ரசாயன முறையின் விளைச்சல் இறங்கியதே அதற்குக் காரணம்.

லாபம்? எல்லாப் பயிர்களையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் ரசாயன முறைக்கு 29 சதவீதம் அதிகம். பிறகு இயற்கை முறைக்கு 25 சதவீதம் அதிகம். விளைச்சல் சமமாக இருந்தும் செலவு குறைந்ததே அதன் ரகசியம்.

மானாவாரிக்கு எது?

கார்கோன் பருத்திக்குப் பாசனம் உண்டு. நாரணாபுரம் வட்டாரத்து மானாவாரிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு பாடம் பொருந்தும்: மூட்டையை மட்டும் எண்ணக்கூடாது, செலவையும் எண்ண வேண்டும்.

பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் தந்த சாதாரண ரகங்களில் விதையை எடுத்து வைக்கலாம். மழை பொய்த்தால் நஷ்டம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் இயற்கை முறைக்கு மாறினால் முதல் சில ஆண்டுகள் விளைச்சல் சரியும். அதைத் தாங்கக் கையில் காசு வேண்டும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. கணக்குப் பார்க்காமல் விதை வாங்கினாலோ, அடுத்த போகத்துக்கு முதலும் மிஞ்சாது!