தலைவர் நாற்காலி

ஆண்டின் முதல் இதழில், போன ஆண்டு படித்த நூல்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவது சிற்றிதழ்களின் வழக்கம். இம்முறை போன ஆண்டு பார்த்த தொடர்களைப் பற்றி எழுதுகிறோம். சங்கரன்கோவிலில் எங்களோடு பேச வருகிற இளைஞர்களில் பலருக்கு 2025இல் கதை என்று வாய்த்தது கைபேசித் திரையில்தான். விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்து வருகிறவரிடமும், ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்து வந்துபோகிறவரிடமும் நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு தொடரின் பெயரைச் சொன்னால் பேச்சு நள்ளிரவு வரை ஓடுகிறது. அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது, முடிவு பொருந்துகிறதா, அந்த ஊரில் அப்படி நடக்குமா என்று அவர்கள் கேட்பதெல்லாம் இலக்கியத்தின் கேள்விகள். அவற்றை விட்டு ஒதுங்கி நிற்க ஒரு சிற்றிதழுக்கு உரிமை இல்லை.

பார்த்தவற்றில் பெரும்பகுதி குற்றக் கதைகள். புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ தொடரின் இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரி இறுதியில் அமேசான் பிரைமில் வந்தது. காளிப்பட்டினம் என்ற கற்பனை ஊரில், குலசை தசராவை நினைவூட்டும் ஒரு திருவிழாவின் நடுவே ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். எட்டுப் பெண்கள் தனித்தனிக் காவல் நிலையங்களுக்குப் போய், கொன்றது நான்தான் என்று சொல்கிறார்கள். இந்த முடிச்சு வலுவானது, அந்த இளம் நடிகைகளும் நன்றாகவே தாங்கியிருக்கிறார்கள். 2022இல் வந்த ‘வதந்தி’யையும் சேர்த்துப் பார்த்தோம். கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை; ஒரு பெண் செத்த பிறகு ஊர் அவளைப் பற்றி என்னவெல்லாம் பேசும் என்பதை எஸ்.ஜே. சூர்யாவின் காவல் அதிகாரி வழியாகச் சொன்ன விதம் எங்களுக்குப் பிடித்தது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது ஒரு சலிப்பு தட்டுகிறது. தென்மாவட்டம் என்றால் ஒரு பிணம், ஒரு திருவிழா, ஒரு ரகசியம். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் மனிதர்கள் தண்ணீருக்கும் பட்டாவுக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அலைகிறார்கள் என்பது திரைக்குத் தெரியவே இல்லை.

தெரிந்த ஒரு தொடர் ‘அயலி’. முத்துக்குமார் இயக்கி 2023 குடியரசு நாளன்று ஜீ5இல் வெளியானது. தாமதமாகத்தான் எங்கள் கைக்கு வந்தது. போன ஆண்டு பார்த்தவற்றில் எங்கள் முதலிடம் இதற்கே. 1990, புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற கிராமம். பெண் வயசுக்கு வந்ததும் கல்யாணம், பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. மீறினால் ஊர்த்தெய்வம் அயலி கோபித்துக்கொள்வாள் என்பது நம்பிக்கை. டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசையுள்ள தமிழ்ச்செல்வி தான் வயசுக்கு வந்ததை ஊரிடம் மறைக்கிறாள். கதை இவ்வளவுதான். எட்டு அத்தியாயங்களில் இந்த ஒரு மறைப்பு என்னென்ன வேலை வாங்குகிறது பாருங்கள். துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது, வலியை எப்படி அடக்குவது, கோயிலுக்குள் போகச் சொன்னால் போவதா வேண்டாமா. அம்மா குருவம்மாளுக்கு விஷயம் தெரிந்தபிறகு தொடர் இன்னொரு உயரத்துக்குப் போகிறது. அனுமோள் அந்த அம்மாவின் பயத்தையும் பயத்துக்கு அடியில் கிடந்த கோபத்தையும் நடித்துக் காட்டியதைப் போல அண்மையில் தமிழில் நாங்கள் பார்த்ததில்லை. அபி நட்சத்திராவின் தமிழ்ச்செல்வி எந்த இடத்திலும் மேடைப்பேச்சு பேசுவதில்லை. பெண் கல்வி பற்றி நூறு அரசு விளம்பரங்கள் சொல்லாததை இந்தத் தொடர் சொல்லியிருக்கிறது. அதற்குக் காரணம், அது தன் ஊரின் சட்டதிட்டத்தை, யார் எங்கே உட்காரலாம் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை தெரிந்துவைத்திருப்பதுதான்.

சின்னத்திரை நெடுந்தொடர்களைச் சிற்றிதழ்கள் தீண்டுவதில்லை. அந்த விலக்கம் நல்லதல்ல. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளை வாரம் ஒன்றாக ‘கதை நேரம்’ என்று படமாக்கித் தொலைக்காட்சியில் காட்டியிருக்கிறார். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வாழ்ந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, நம் வீட்டுப் பெண்கள் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோலத் துக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். அவருக்குப் பிறகு அந்த வேடத்துக்கு வந்தவர், ‘குற்றப் பரம்பரை’ எழுதிய வேல ராமமூர்த்தி. வீட்டுக்குள் ஆணின் அதிகாரம் எப்படிப் பேசும், எப்படி உறுமும் என்று லட்சக்கணக்கான பெண்கள் தினம் இரவு கவனித்திருக்கிறார்கள். ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய வாசகர் கூட்டம் எங்கே கிடைக்கும்?

இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது வேறு ஒரு தொடர். இந்தியில் 2020 முதல் வந்துகொண்டிருக்கும் ‘பஞ்சாயத்’தை இங்கே நிறையப் பேர் பார்க்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்ற கற்பனைக் கிராமம். அங்கே ஊராட்சிச் செயலர் வேலைக்கு வருகிற பட்டணத்துப் பட்டதாரி. தேர்தலில் ஜெயித்த மஞ்சு தேவி வீட்டில் இருக்க, ‘பிரதான்’ என்று ஊரை நடத்துகிற அவர் கணவர். இதன் முதல் பருவத்தைத் தமிழில் ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று 2024 செப்டம்பரில் தந்தார்கள். இயக்கியவர் நாகா. தொண்ணூறுகளில் ‘மர்மதேசம்’ இயக்கி, அதில் வந்த ‘விடாது கருப்பு’ என்றாலே இன்றும் உடம்பு சிலிர்க்க வைப்பவர். சேத்தனும் தேவதர்சினியும் தலைவர் வீட்டைத் தங்கள் வீடாகவே ஆக்கிக்கொண்டார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு தெருவிளக்கு எங்கே நடுவது என்பதே ஒரு கதையாக இருக்க முடியும் என்று காட்டியது. அதற்காக அதைக் கொண்டாடுகிறோம்.

மூலத்தைத் தமிழ் ஏறக்குறைய அடியொற்றிப் போகிறது. கதைகள் வந்துவிட்டன, மண் வரவில்லை. மூலத்தில் இரண்டு கதைகள் நினைவில் நிற்பவை. ஒன்றில் செயலர் தனக்குச் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி வாங்கிவிடுகிறார். அது தன் நாற்காலியைவிட உயரமாக இருப்பது பிரதானுக்கு உறுத்துகிறது. கல்யாண மாப்பிள்ளை ஒருவன் அதில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறான். இன்னொன்றில் குடியரசு நாளுக்குக் கொடியேற்ற வேண்டும், மஞ்சு தேவிக்கு தேசிய கீதம் தெரியாது, கற்றுக்கொண்டு பாடுகிறார். இரண்டும் சிரித்தும் நெகிழ்ந்தும் பார்க்க வேண்டிய கதைகள். புலேராவில் சாதி ஏறக்குறைய மௌனமாகவே இருப்பதால் அவை அப்படி அமைகின்றன. வட இந்தியாவிலும் அந்த மௌனம் உண்மையில்லை என்று அங்கேயே விமரிசனம் உண்டு. தமிழ்நாட்டு ஊராட்சியில் நாற்காலியும் கொடிக்கம்பமும் வேறு கதை சொல்லும்.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடப்படவில்லை. செய்தி வெளியானபின் ஆட்சியர் நேரில் வந்து, ஐந்து நாள் கழித்து அவரை ஏற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை தலைவர் ராஜேஸ்வரி ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த புகைப்படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. இருவரும் பட்டியலினப் பெண்கள். 2022இல் கொடியேற்றும் உரிமையை உறுதிசெய்யச் சொல்லித் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கி. ராஜநாராயணன் ‘நாற்காலி’ என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஆசையாகச் செய்த நாற்காலியை, ஊரார் இழவு வீட்டில் பிணத்தை உட்கார வைக்கக் கேட்டு வாங்கிப்போகும் கதை. கி.ரா.வின் ஊரான இடைசெவலில் ஒரு நாற்காலி பற்றி இவ்வளவு எழுத முடிந்தது. ஊராட்சி அலுவலகத்தின் தலைவர் நாற்காலி பற்றி எவ்வளவு எழுத வேண்டும்!

அந்தக் கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2006 அக்டோபர் தேர்தலில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவரான ஜக்கையன், அருந்ததியர், அடுத்த மாதமே கொல்லப்பட்டார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க அவர் மறுத்தார் என்று அப்போது எழுதப்பட்டது. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டித் தர நினைத்தது அவர் செய்த குற்றம். உயிர் பிழைத்தார். அந்த வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2024 நவம்பரில், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வேறு சிலரும் கொல்லப்பட்டதும், பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் தேர்தல் முறையாக நடக்க முடியாமல் போனதும் எல்லோருக்கும் தெரிந்தவை.

கொலைகள் செய்தியாகிவிடுகின்றன. செய்தியாகாத அன்றாடம்தான் தொடருக்கு உரியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இருக்கிற இடஒதுக்கீடு அதற்குக் கிடையாது. ரிசர்வ் பஞ்சாயத்தில் தலைவர் காலனியிலிருந்து வந்தால், துணைத் தலைவர் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து வருகிறார். இப்போது யோசித்துப் பாருங்கள். மோட்டார் எரிந்து, மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைத் தலைவர் வீட்டு வாசலில் செக் புத்தகத்தோடு கிளார்க் நிற்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. தலைவர் தானே போய்க் கேட்பதா? போனால் திண்ணையில் உட்காருவதா, நிற்பதா? டேங்க் ஆப்பரேட்டர் யார் ஆள்? யூனியன் ஆபீசில் பி.டி.ஓ. யார் பேச்சைக் கேட்பார்? நூறு நாள் வேலையில் மேட் யாருடைய பெண்ணைத் தள்ளிவிடுவார்? முழு அத்தியாயமும் ஒரே ஒரு கையெழுத்துக்காக. இதில் சிரிப்பு உண்டு, பதற்றம் உண்டு, மனிதர்கள் மனம் மாறுகிற அரிய தருணங்களும் உண்டு. இரக்கமுள்ள துணைத் தலைவர்களும் இருக்கிறார்கள், தன் இனத்தாரையே ஏய்க்கிற தலைவர்களும் இருக்கிறார்கள். புலேராவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நிதானத்தை. சம்பவங்களை இங்கேயே எடுக்கலாம்.

எடுக்கக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பூமணியும் சோ. தர்மனும் எழுதிய கரிசல் இது. கண்மாய்க்குத் தண்ணீர் வருவதும் வராததும் எப்படி அரசியலாகிறது என்று நாவலில் சொல்லத் தெரிந்த மண் இது. இங்கிருந்து சென்னைக்குப் போய் எழுத்து அறைகளில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகள் சிலரை எங்களுக்குத் தெரியும். கொலை இல்லாமல் கதை கொண்டுபோனால் தயாரிப்பாளர் கேட்பதில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ‘பஞ்சாயத்’ நான்கு பருவம் ஓடியிருக்கிறது. நான்காவது பருவம், 2025 ஜூனில் வந்தது, முழுக்க ஓர் ஊராட்சித் தேர்தல். கடைசியில் மஞ்சு தேவி தோற்றே போகிறார். ‘அயலி’ ஒரு பெண்பிள்ளையின் பள்ளிக்கூட ஆசையை வைத்தே எட்டு அத்தியாயம் நின்றது. இந்த இரண்டையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள்.

புலேராவின் தேர்தலை நாம் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த ஜூன் மாதத்தில், தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் தனி அலுவலர் நிர்வாகம். தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் நம் ஊராட்சிகளில் தலைவர்கள் நீடித்தார்கள். அவர்களுக்கும் 2026 அக்டோபரோடு காலம் முடிகிறது.

அதற்குள் ஒரு வேலை செய்யலாம். சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் வட்டாரங்களில் ஊராட்சித் தலைவராகவோ துணைத் தலைவராகவோ வார்டு உறுப்பினராகவோ கிளார்க்காகவோ இருக்கிறவர்கள், இருந்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். முதல் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், முதல் காசோலையில் எப்போது கையெழுத்தானது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கேட்டதைக் கேட்டபடி, அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்போம். அடுத்த இதழின் நடுப்பக்கங்களை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.