நடையில் நிற்பதும் சேர்த்தி

பத்து மைல் நடந்துவிட்டு ஒரு பைண்ட் பியர் குடிக்கிறவர் நடையரா, குடியரா? இங்கிலாந்தில் ஊருக்கு ஒன்றாக இருக்கும் நடைக்குழுக்களைக் கேலி செய்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த நக்கலில்தான். நடை வெறும் சாக்கு, பப்தான் நோக்கம் என்பார்கள். கேலி ரொம்பப் பழசு. யாருக்கும் வலிக்காது, குழுக்காரர்களே சேர்ந்து சிரிப்பார்கள். ஆனால் இதே கேலி வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனபோது என்ன ஆனது என்று தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

முதலில் இந்த நடை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். டெவன் மாவட்டத்துக் குழுக்களின் வசந்தகால அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒரு ஞாயிறு டார்ட்மூர், இன்னொரு ஞாயிறு கடற்கரை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ரிட்டயர்டு ஆனவர்கள். மூர் என்றால் மரம் அதிகம் இல்லாத மேட்டுநிலம். புல், ஹெதர் புதர், அடியில் கரி மாதிரி கறுத்த சதுப்பு மண், அங்கங்கே உச்சியில் யாரோ அடுக்கி வைத்ததுபோல் கருங்கல் பாறைக் குவியல்கள். அந்தப் பாறைகளை டோர் என்பார்கள். ஏப்ரலில் கோர்ஸ் முட்புதர் முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கும். அதன் வாசனை தேங்காய் வாசனை! சத்தியமாக. வானம்பாடி தலைக்கு மேலே ஒரே இடத்தில் நின்று பாடிக்கொண்டிருக்கும், குட்டி போட்ட மட்டக்குதிரைகள் வழியை மறிக்கும். பகல் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு டோரின் காற்றுப்படாத பக்கம் உட்கார்ந்து சாண்ட்விச். சாயங்காலம் பப்.

பப் என்றால் போஸ்ட்பிரிட்ஜ் பக்கத்து வாரன் ஹவுஸ் இன் மாதிரி ஒன்று. கடல்மட்டத்திலிருந்து 434 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் வீடே இல்லாத ரோட்டோரத்தில் இருக்கிறது. வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளிகள் குடித்த இடம். அதன் அடுப்பு 1845லிருந்து அணையவே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். சேறு அப்பிய பூட்ஸோடு அதன் முன்னால் உட்கார்ந்து காலைக் காய்ச்சுகிறவரிடம் போய் "நீ வந்தது நடக்கவா, குடிக்கவா" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டார்ட்மூர் 1951ல் தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா என்றதும் அரசாங்க நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே நிலத்தில் பெரும்பகுதிக்குத் தனி முதலாளிகள் உண்டு. "காமன்ஸ்" என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்களும் அப்படித்தான். பெயரைப் பார்த்துப் புறம்போக்கு என்று எண்ண வேண்டாம். நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதில் ஆடுமாடு மேய்க்கும் உரிமை சிலருக்கு, நடக்கும் உரிமை எல்லோருக்கும். அந்த நடக்கும் உரிமையைச் சட்டமாக எழுதியது 1985ன் டார்ட்மூர் காமன்ஸ் சட்டம். கால்நடையாகவோ குதிரையிலோ, திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக, பொதுமக்கள் போகலாம். அவ்வளவுதான் வாசகம். அந்த உரிமையில் கூடாரம் போட்டு ராத் தங்குவதும் அடக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பூங்கா நிர்வாகமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

மூரின் தெற்குப் பகுதியில் பெரிய எஸ்டேட் வைத்திருந்த ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். வாதம் என்ன தெரியுமா? நடப்பது பொழுதுபோக்கு, சரி. தூங்குவது எப்படிப் பொழுதுபோக்கு ஆகும்? தூக்கம் மறுநாள் நடப்பதற்கான வசதி மட்டும்தானே? 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. தலைமுறைகளாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் படுத்து எழுந்த மலையில் ஒரே நாளில் கூடாரம் சட்டவிரோதம் ஆனது.

வாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கேலிக்காரனின் வாதமும் இதுவும் ஒன்றேதான். நடை என்றால் கால் அசைவது. கால் நின்றுவிட்டால் அது நடை அல்ல, வேறு ஏதோ. அப்படியானால் சாண்ட்விச் தின்பது நடையா? வானம்பாடியைப் பார்க்கப் பத்து நிமிஷம் மல்லாந்து கிடப்பது? முழங்கால் வலிக்கிறது என்று எழுபது வயதுக்காரர் பாறையில் சாய்ந்து கண்ணை மூடினால்? கண்ணை மூடி எத்தனை நிமிஷத்தில் அவர் அத்துமீறியவர் ஆகிறார்? இதற்கெல்லாம் யாராவது கோடு போட்டுக் காட்டட்டும். நடை என்பது கிளம்புவது, போவது, நிற்பது, தின்பது, பேசுவது, தங்குவது எல்லாம் சேர்ந்த ஒரே சமாச்சாரம். அதைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ரசீது காட்டச் சொல்வது, முழு நடையையும் பிடுங்குவதற்கான நாகரிகமான வழி.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. தீர்ப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நில உரிமையாளர்கள் பெருந்தன்மை காட்டினார்கள். பூங்கா நிர்வாகம் பணம் கொடுக்கும், அவர்கள் "அனுமதி" கொடுப்பார்கள், மக்கள் சில இடங்களில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். நேற்றுவரை சும்மா இருந்த உரிமைக்கு இன்று பொதுப் பணத்தில் வாடகை! வேண்டாம் என்று தோன்றும் நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அனுமதிக்குள்ளேயே இருக்கிறது. "எப்படியோ கூடாரம் போட முடிகிறதே, பிறகென்ன?" என்று கேட்ட புத்திசாலிகளும் உண்டு. 2003ல் கைமாறிய விக்சன் டோர் பாறையை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். காலங்காலமாக மக்கள் ஏறி இறங்கிய இடம். ஆனால் அது காமன்ஸ் எல்லைக்கு வெளியே இருந்தது, பழைய உரிமையாளர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். புதிய உரிமையாளர் மூடினார். கதவைத் தட்டிக் கேட்க யாருக்கும் சட்டத்தில் ஒரு வரி இல்லை. வெறும் நல்லெண்ணத்தில் நடந்த நடைக்கு அதுதான் ஆயுசு.

2023 ஜனவரியிலேயே ஆயிரக்கணக்கானோர் மூரில் திரண்டார்கள். டார்ட்மூரின் காவல் ஆவி என்று பழங்கதை சொல்லும் ஓல்ட் கிராக்கர்னைப் பெரிய பொம்மையாகச் செய்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூங்கா நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. உரிமையாளர்கள் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 மே 21ல் அங்கேயும் ஒருமனதாகத் தோற்றார்கள். கூடாரத்தில் தங்குவதும் திறந்தவெளிப் பொழுதுபோக்கில் அடக்கம் என்று முடிவானது. இரண்டரை வருஷத்தில் மூன்று நீதிமன்றம்.

இந்த இரண்டரை வருஷமும் "இது இளவட்டங்களின் கூடாரப் பிரச்சினை, நமக்கென்ன, நாம் சாயங்காலம் பப்புக்குப் போய் ராத்திரி வீட்டுக்குப் போகிறவர்கள்" என்று இருந்த பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1932 ஏப்ரல் 24ல் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறிய சில நூறு பேரில் பலர் தொழிற்சாலைப் பையன்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அன்றும் அதிகாரபூர்வ நடைச் சங்கங்களில் பல, "இவர்கள் நம் ஆட்கள் இல்லை" என்று கையை உதறின. இன்று அதே சங்கங்களின் வாரிசுகள் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். 68 வருஷம் கழித்து, 2000ல் வந்த சட்டம் இங்கிலாந்தின் சுமார் 8 சதவீத நிலத்தைக் கால்நடைக்குத் திறந்துவிட்டது. பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பல மூர்களில் கால் வைக்கும் உரிமை அந்தப் பையன்கள் வாங்கிய கடன்.

எதிர்வாதம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. குப்பை போடுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள், வசந்தத்தில் தரையில் கூடு கட்டும் பறவைகளை நாய் விரட்டுகிறது. எல்லாம் உண்மை. 2020ல் ஊரடங்கு தளர்ந்ததும் சில இடங்களில் கும்பல் கும்பலாக வந்து செய்த அலங்கோலம் மறக்கக் கூடியது அல்ல. ஆனால் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. 2000ம் ஆண்டுச் சட்டப்படி திறந்துவிட்ட நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேல் போகாத வாரில்தான் பிடித்திருக்க வேண்டும். டார்ட்மூரில் தீ மூட்டத் தனித் தடை உண்டு. விதியை மீறுகிறவனைப் பிடியுங்கள், அபராதம் போடுங்கள். ஒருவன் பஸ்ஸில் எச்சில் துப்பினான் என்பதற்காக பஸ் ரூட்டையே ரத்து செய்வார்களா என்ன?

கடற்கரைப் பக்கம் போனால் உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். மைன்ஹெட்டிலிருந்து பூல் வரை 630 மைல் ஓடும் தென்மேற்குக் கடற்கரைப் பாதை, கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம். ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் அது இத்தனை வளைகிறது, இத்தனை ஏறி இறங்குகிறது. மே மாதத்தில் பாறை விளிம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. அந்த விளிம்புதான் பிரச்சினை. விளிம்பு விழும்.

டெவனின் தெற்கு ஓரத்தில் ஹால்சேண்ட்ஸ் என்று ஒரு மீனவ கிராமம் இருந்தது. பிளிமத் கப்பல்துறையைப் பெரிதாக்க 1897லிருந்து அதன் முன்னால் கடலடிக் கூழாங்கல்லை லட்சக்கணக்கான டன் அள்ளினார்கள். கரை இறங்கியது. மீனவர்கள் கத்தினார்கள். 1917 ஜனவரிப் புயலில் ஊரே கடலுக்குள் போனது. மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அதன் மேட்டைத் தாண்டித்தான் பாதை வடக்கே பீசேண்ட்ஸ் போகிறது. அங்கே கிரிக்கெட் இன் என்று கடலைப் பார்த்த பப். குழுக்கள் தவறாமல் நிற்கும் இடம். அப்படிப்பட்ட கரையில் பழைய சட்டப்படி பாதை போகும் பாறை இடிந்தால் நடக்கும் உரிமையும் அதோடு கடலுக்குள் போகும். 2009ல் வந்த கடல், கடற்கரைச் சட்டம் இதை மாற்றியது. பாறை பின்வாங்கினால் பாதையும் உள்ளே தள்ளிப் போகலாம் என்று ஏற்பாடு செய்தது. அனுமதி இப்படி நகருமா? உள்ளே தள்ளி இருக்கும் நிலம் அடுத்தவருடையது, அவரிடம் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

பப்பை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். கேலிக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று அங்கே நடக்கிறது. எந்த ஏணிப்படி உடைந்திருக்கிறது, எந்தப் பண்ணைக்காரர் பாதையின் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார், வரைபடத்தில் இருக்கும் எந்த வழி வயலில் காணவில்லை என்பதெல்லாம் மேஜைக்கு வரும் நேரம் அது. ஈரமான வரைபடத்தை பியர் கிளாஸ் வைத்து விரிப்பார்கள். குழுவில் எப்போதும் ஒருவர் இருப்பார், கவுன்சிலுக்குப் புகார் எழுதுவதையே பிறவிப் பயனாகக் கொண்டவர். இடத்தைக் குறித்துக்கொண்டு போய் மறுநாள் எழுதுவார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவார். சுற்றுலாக்காரர்கள் வராத மார்ச் மாத ஞாயிறில் இருபது பேர் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து வருவது அந்த பப்புக்கு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதை பப்காரரைக் கேட்டால் சொல்வார்.

இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்தில் யாரையும் கேட்காமல் கூடாரம் போடும் சட்டபூர்வ உரிமை நிலைத்திருப்பது டார்ட்மூர் காமன்ஸில் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் 2003ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதைப் பெரும்பாலான திறந்தவெளிக்குக் கொடுத்துவிட்டது. அங்கே மலை இடிந்து விழவில்லை. டெவனின் வடக்கே எக்ஸ்மூர் இருக்கிறது. அதே கோர்ஸ், அதே மட்டக்குதிரை, அதே காற்று. அங்கே ராத்திரி படுக்க வேண்டுமென்றால் நில உரிமையாளரைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்க வேண்டும்.