முதுமைக்கு முன்னேற்பாடு

பஞ்சமும் வெள்ளமும் நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதுமையோ நாள் குறித்தே வருகிறது. இன்று 25 வயதான வாலிபன் ஆயுள் இருந்தால் 35 வருஷங்களில் 60 வயதை அடைவான் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. அப்படியிருந்தும், கலியாணத்திற்கும் கிருகப்பிரவேசத்திற்கும் கடன் வாங்கியாவது முன்கூட்டி ஏற்பாடு செய்யும் நம் ஜனங்கள், கை ஓய்ந்த காலத்திற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷங்கள் இருக்கும்போதுதான் இந்த யோசனை பலருக்கு உதயமாகிறது. அப்போது யோசனை மட்டுமே மிஞ்சுகிறது, காலம் மிஞ்சுவதில்லை.

முன் தலைமுறையார் இப்படித்தானே வாழ்ந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நிலைமை வேறு. தேசம் விடுதலையடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று அது சுமார் 70. சிசு மரணம் குறைந்ததே இந்த மாறுதலுக்கு முக்கிய காரணம் என்பது மெய்யே. ஆயினும் 60 வயதை எட்டியவரும் இன்று சராசரியாக இன்னும் 18 வருஷங்களுக்குக் குறையாமல் ஜீவிக்கிறார். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படியே 60 வயது கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். கூட்டுக் குடும்பமோ தளர்ந்துவிட்டது. பிள்ளை வேறு பட்டணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். அவனுடைய சம்பளம் அவனுடைய குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கே போதவில்லை. பிள்ளையின் அன்பில் நமக்கு ஐயமில்லை. அவனுடைய சக்தியில்தான் ஐயம்.

முன்னதாகவே தொடங்குவதன் பலனை ஒரு கணக்கினால் விளக்குவோம். 2015 மே மாதம் 9-ந் தேதி கல்கத்தாவில் தொடங்கப்பட்ட அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். வருமான வரி செலுத்துவோருக்கு 2022 அக்டோபர் முதல் இதில் புதிதாக இடமில்லை. 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற விரும்புகிறவன், 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டவேண்டும். 30 வயதில் சேர்ந்தால் 577. 40 வயதில் சேர்ந்தால் 1,454. முதலாமவன் 42 வருஷங்களில் கட்டுவது 1,05,840 ரூபாய். கடைசியானவன் 20 வருஷங்களில் கட்டுவது 3,48,960 ரூபாய். இருவரும் பெறுவது ஒரே பென்ஷன். இடையிலுள்ள வித்தியாசமே தாமதத்திற்கு விதிக்கப்பட்ட அபராதம். கடன்பட்டவனைக் கசக்கிப் பிழியும் அதே வட்டி, சேமித்தவனுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரனாக இரவும் பகலும் உழைக்கிறது. ஆனால் அந்த வேலைக்காரனுக்கும் அவகாசம் வேண்டும்.

இத்துடன் நிறுத்தினால் வாசகர்களைப் பாதி வழியில் விட்டவர்களாவோம். விலைவாசி வருஷத்திற்கு 100-க்கு 5 வீதம் ஏறினால், 42 வருஷங்களுக்குப் பின் கிடைக்கும் 5,000 ரூபாயின் வாங்கும் சக்தி இன்றைய 640 ரூபாய் அளவே இருக்கும். எனவே சிறு தொகையுடன் தொடங்குவது அவசியம். அந்தச் சிறு தொகையோடு நின்றுவிடுவது அபாயம். சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயரவேண்டும். 2009 முதல் எல்லாப் பிரஜைகளும் சேரக்கூடியதாகிவிட்ட தேசியப் பென்ஷன் திட்டம் இதற்கு ஒரு வழி. அதில் வரும் பலன் சந்தை நிலவரத்தைப் பொறுத்தது. நிச்சயத் தொகை கிடையாது. அதை அறிந்தே சேரவேண்டும்.

தொழிற்சாலைகளிலும் கம்பெனிகளிலும் உள்ள வாலிபர்களுக்கு மற்றோர் எச்சரிக்கை. ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது பிராவிடண்டு நிதியை எடுத்துச் செலவழிப்பது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் 10 வருஷ ஊழியம் பூர்த்தியாகாதவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டால், அதுவரை செய்த ஊழியம் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. 2014-ல் நிர்ணயித்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்படி, 35 வருஷ ஊழியத்திற்குக் கிடைக்கக்கூடியது மாதம் 7,500 ரூபாய். நான்கு முறை வேலை மாறி நான்கு முறையும் எடுத்துத் தின்றவனுக்கு அதுவும் இல்லை. கணக்கைப் புது முதலாளியிடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கும்போது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பானேன்?

அன்றாடக் கூலிக்காரன் எதைச் சேமிப்பான் என்ற ஆட்சேபம் நியாயமானது. சிக்கன உபதேசத்தால் அவன் வயிறு நிரம்பாது. முதுமையில் பிரஜைகளுக்கு உதவவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து ராஜ்யத்திற்கு வழிகாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. ஆனால் ஏழை முதியோருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாயாகவே நெடுங்காலமாக நின்றுவிட்டது. தொழிலாளர் பென்ஷனில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் விதித்தார்கள். அன்றைய 1,000 ரூபாய் வாங்கியதை இன்றைய 1,000 ரூபாய் வாங்குமா? 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு வந்துள்ள ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் விலைவாசிக்கேற்ற நிவாரணம் உண்டு. உத்தியோகஸ்தர் வாங்கும் அரிசிக்கு ஏறும் விலை, கொத்துவேலை செய்து ஓய்ந்தவன் வாங்கும் அரிசிக்கு மட்டும் ஏறாமல் நிற்கிறதா? ஏழைகளின் பென்ஷனையும் விலைவாசியோடு பிணைக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. பிரஜை தன்னால் இயன்றதைச் சேமிக்கவேண்டும். சேமித்ததும் கொடுத்ததும் தேய்ந்துபோகாமல் சர்க்கார் காக்கவேண்டும். இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு உழைப்பவன் தன் முதுமையை எண்ணுவது சுயநலம் என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தவன் கொள்கையில் உறுதியாக நிற்பது அரிது. அச்சமின்றிப் பேச விரும்புகிறவன் முதலில் தன் அந்திமக் காலத்தின் கவலையைத் தீர்த்துக்கொள்ளட்டும். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுவதோடு, ஒவ்வொரு தெருவிலும் உள்ள இளைஞனுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லி, அருகிலுள்ள பாங்கிக்கோ தபாலாபீசுக்கோ அழைத்துச் செல்லட்டும். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து என்று ஒத்திப்போட வேண்டாம். இந்த மாதத்திலிருந்தே தொடங்கட்டும்.