பேரு மட்டும் ஃபாத்திமாவா இருக்கலாமாம்!

அக்டோபர் வந்தாலே அமெரிக்கத் தமிழ் வீடுகள்ல ஒரு காய்ச்சல் பரவும். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்களோட கல்லூரி விண்ணப்பக் கட்டுரைதான் அது. நிறைய கல்லூரிகளுக்கு நவம்பர் 1 முதல் கெடு, அதை விட்டா ஜனவரி. காமன் ஆப்ல 250 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. 'எந்த அடையாளம் இல்லாம உன் கதை முழுமையாகாதோ, அதை எழுது' என்ற ரீதியில ஒரு தலைப்பும் உண்டு.

இப்படிக் கேட்டா ஒரு முஸ்லிம் பொண்ணு எதை எழுதுவா? "எதை வேணா எழுது, மார்க்கத்தை மட்டும் எழுதாதே" என்கிறாங்க நம்மாளுங்க. என் அக்கா மகளுக்கு, காசு வாங்கிட்டு ஆலோசனை சொல்ற ஒரு புண்ணியவானும் இதையேதான் சொன்னார். "ரிஸ்க் எதுக்கும்மா?"

இந்த அறிவுரை மேல எனக்குக் கொலவெறியே இருக்கு.

பெத்தவங்க பயம் புரியாம இல்ல. 2017 ஜனவரியில, முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்கிற ஏழு நாட்டுக்காரங்களுக்கு இங்க நுழையத் தடை போட்டப்ப, அந்த நாடுகளுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லைன்னாலும் நம்ம வீடுகள்லயும் வயித்தைக் கலக்குச்சு. ஆனா யோசிங்க. விண்ணப்பத்துல மொதல்லயே பொண்ணு பேரு இருக்கு. வாப்பா பேரும் இருக்கு. படிக்கிறவர் மனசுல வெறுப்பு இருந்தா, அது பேரைப் பார்த்ததுமே முழிச்சுக்கும். நாம மார்க்கத்தை ஒளிச்சா, அந்த இடத்தை அவரோட கற்பனைதான் நிரப்பும். அந்த வேலையை அவர்கிட்ட ஏன் விடணும்?

ஒளிஞ்சவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு வரலாறும் சொல்லுது. 1920-கள்ல ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினதும் தலைவர் லோவெல் பதறிட்டார். 1922-ல் விண்ணப்பத்துல மதம் என்ன, அப்பா பிறந்த ஊர் எது என்றெல்லாம் கேட்டாங்க. அதோட, பிறந்தப்புறம் உன் பேரோ அப்பா பேரோ மாறியிருக்கான்னும் ஒரு கேள்வி! பேரை மாத்தி ஒளிஞ்சவனையும் தோண்டி எடுக்கத்தான் அந்தக் கேள்வி. மதிப்பெண் போதாது, 'குணநலன்' பார்க்கணும்னு ஆரம்பிச்சதும் அந்தக் காலத்துலதான். ஜெரோம் காராபெல் 2005-ல் எழுதின 'தி சோஸன்' புத்தகத்துல இந்தக் கதை விலாவாரியா இருக்கு.

2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில இனத்தைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. ஆனா தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதிச்சதுன்னு மாணவரே எழுதினா அதைக் கணக்குல எடுக்கலாம்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அது இனத்தைப் பத்தின தீர்ப்பு, மதத்தைப் பத்தினது இல்ல. ஆனா அதுக்கப்புறம், நீ வளர்ந்த சூழல் உன்னை எப்படி உருவாக்கிச்சுன்னு பல கல்லூரிகள் தனியாவே கேள்வி வெச்சிருக்காங்க. கேக்குறாங்கப்பா! சொல்ல வேணாமா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. "எழுது, ஆனா அழுது எழுது" என்பாங்க. 2008-ல் பிறந்த பிள்ளை, 2001-ல் யாரோ செஞ்சதுக்கு 650 வார்த்தையில மன்னிப்புக் கேக்கணுமாம். இது ஒளிக்கிறதை விடக் கேவலம். ஐந்து கடமைகளையும் வரிசையா விளக்கி பயான் பண்றதும் வேணாம். அதுக்குக் கலைக்களஞ்சியம் இருக்கு.

என் அக்கா மகள் என்ன எழுதியிருந்தா தெரியுமா? அவ பள்ளிக்கூடத்துல 1600 மீட்டர் ஓடுறவ. 2025-ல் ரமலான் மார்ச் மாசம் வந்துச்சு, ஓட்டப் பயிற்சியும் அப்பத்தான். நோன்போட ஓடிட்டு, அஸருக்கு ஒளு செய்யக் குழாயடியில நிக்கிறா. வாய் கொப்பளிக்கணும். ஒரு மிடறு உள்ள போனா யாருக்குத் தெரியும்? துப்பிட்டு வந்தா. அவ்வளவுதான் விஷயம். யாரும் பார்க்காதப்ப நீ யாருன்னுதானே இந்தக் கட்டுரையே கேக்குது? அதைத்தான் அந்தப் புண்ணியவான் சிவப்பு மையால அடிச்சுட்டு, கோடை விடுமுறைத் தன்னார்வத் தொண்டு பத்தி எழுதச் சொன்னார். அவ அங்க போனதே மூணு நாளு :-)

மார்க்கத்தைப் பத்தி எழுதினா இடம் கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது. எழுதாட்டா கிடைக்கும்னு அவராலயும் தர முடியாது. இடம் கிடைக்காம போனா வேற கல்லூரி இருக்கு. ஆனா பதினேழு வயசுப் பிள்ளைகிட்ட, 'உன்னைப் பத்தின முக்கியமான உண்மையைச் சொல்லாம இருந்தாத்தான் உனக்குக் கதவு திறக்கும்'னு பெரியவங்க நாமளே சொல்லிக் கொடுத்தா, அந்தப் பாடம் நாலு வருஷப் படிப்போட முடியாது.

பிள்ளைங்க எழுதட்டும். நாம எழுத்துப்பிழை மட்டும் பார்ப்போம்.

மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க!