பருத்திக்காட்டில் முதிரும் சிறுவன்: ‘எ பெயின்டட் ஹவுஸ்’ நாவலை முன்வைத்து வளர்ச்சி நாவல் குறித்த ஒரு மறுசிந்தனை

முன்னுரை

ஒரு சிறுவனோ சிறுமியோ உலகை அறிந்து முதிர்வதைக் கதைப்பொருளாகக் கொண்ட படைப்புகளை ‘வளர்ச்சி நாவல்’ என்று திறனாய்வாளர் வகைப்படுத்துவர். ஜெர்மானிய மொழியில் ‘பில்டுங்ஸ்ரோமான்’ எனப்படும் இவ்வகைக்கு, கதே 1795-96இல் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் பற்றிய நாவல் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அதன் தலைமகன் வணிகக் குடும்பத்து இளைஞன். வீட்டை நீங்கி, நாடகக் குழுவோடு அலைந்து, பிழைகள் பல செய்து, தன்னைத் தான் அறிகிறான். பிராங்கோ மொரெட்டி 1987இல் வெளிவந்த தம் நூலில், இவ்வகை நாவல் சித்திரிக்கும் இளமையை நவீன காலத்தின் நிலையின்மைக்கும் இடப்பெயர்வுக்கும் உரிய குறியீடாக விளக்கினார். அலைவதற்கு ஓய்வும் பிழை செய்வதற்கு இடமும் வாய்த்த இளைஞனே இவ்விளக்கங்களின் நடுவில் நிற்கிறான். ஏழு வயதிலேயே பருத்திச் சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கும் சிறுவனுக்கு இவ்விலக்கணம் எவ்வளவு பொருந்தும் என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரிஷாம் 2001இல் நூலாக வெளியிட்ட ‘எ பெயின்டட் ஹவுஸ்’ இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற படைப்பாகும்.

நினைவு நாவல் என்னும் வாசிப்பு

நீதிமன்றங்களையும் வழக்கறிஞர்களையும் மையமிட்ட விறுவிறுப்பான கதைகளால் புகழ்பெற்ற கிரிஷாம், அவ்வழியினின்று விலகி எழுதிய நாவல் இது. ‘ஆக்ஸ்போர்டு அமெரிக்கன்’ இதழில் முதலில் தொடராக வெளிவந்தது. ஆசிரியர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் பிறந்து, பருத்தி நிலத்தில் தம் இளமையின் தொடக்க ஆண்டுகளைக் கழித்தவர். ஆதலின் இந்நாவலை ஆசிரியரின் இனிய இளமை நினைவாகவே பலரும் வாசித்தனர்.

இவ்வாசிப்பு முழுமையானதன்று. ஆசிரியர் பிறந்த ஆண்டு 1955. கதை நிகழும் ஆண்டோ 1952. தாம் பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முந்தைய ஓர் அறுவடைப் பருவத்தை அவர் தெரிந்தெடுத்திருக்கிறார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மெக்சிகோவிலிருந்து பருவகாலத் தொழிலாளரை வரவழைக்க 1942இல் தொடங்கப்பட்டு 1964 வரை நீடித்த ‘பிராசெரோ’ ஏற்பாடு நடைமுறையில் இருந்த காலமும் அதுவே. பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கியிருந்தும், சிறு நிலங்களில் மனிதக் கைகளே பருத்தி எடுத்தன. தெரிந்தெடுக்கப்பட்ட காலத்தை நோக்கினால், இந்நாவல் ஓர் உழைப்புமுறையின் இறுதிக்கட்டத்தைச் சிறுவனின் கண்வழிக் காட்டும் புனைவு என்பதே பொருத்தமாகும். நினைவின் இனிமை அதன் மேற்பரப்பு மட்டுமே.

குத்தகையும் வாரமும்

பிளாக் ஓக் என்னும் சிற்றூரின் அருகே சாண்ட்லர் குடும்பம் எண்பது ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி பயிரிடுகிறது. தாத்தா ஈலை, பாட்டி, தந்தை ஜெஸ்ஸி, தாய் கேத்லீன், ஏழு வயதுச் சிறுவன் லூக் ஆகியோர் வீட்டில் இருப்பவர்கள். சிற்றப்பன் ரிக்கி கொரியாவில் போர்முனையில் இருக்கிறான். அண்டையில் வாழும் லேச்சர் குடும்பமோ வாரத்துக்கு உழும் குடும்பம். குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ் நிலவுடைமை வரலாற்றை அறிந்த ஆய்வாளருக்கு விளக்க வேண்டியதில்லை. இரு குடும்பங்களும் கடனில் வாழ்பவையே. எனினும் குத்தகைக்காரன் வாரக்குடியை ஒரு படி கீழே வைத்தே நோக்குகிறான்.

அப்படிக்கும் கீழே பருவகாலத் தொழிலாளர் உள்ளனர். ஓசார்க் மலைப்பகுதியிலிருந்து ஸ்ப்ரூயில் குடும்பமும், மெக்சிகோவிலிருந்து ஒரு குழுவினரும் பருத்தி எடுக்க வருகின்றனர். மெக்சிகோ நாட்டினர் கால்நடை ஏற்றும் வண்டியில் கொண்டுவந்து இறக்கப்படுவதையும், தொழுவத்தின் பரணில் தங்கவைக்கப்படுவதையும் லூக் காண்கிறான். மலைநாட்டுக் குடும்பம் கூடாரம் அடிக்கும் இடமோ, லூக் பேஸ்பால் விளையாடும் முற்றமாகும். சிறுவனின் ஆடுகளம் ஓர் இரவில் தொழிலாளர் குடியிருப்பாக மாறிவிடுகிறது. விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையில் தனி எல்லை இல்லாத இளமை அது என்பதை இந்நிகழ்வு விளக்கவுரையின்றி உணர்த்துகிறது. விடியலில் சாக்குடன் வயலில் இறங்குதலும், எடுத்த பருத்தியை எடைபோட்டுக் கணக்கில் ஏற்றுதலும் லூக்குக்கு அன்றாடக் கல்வியாகின்றன.

மறைத்தலே முதிர்ச்சி

வளர்ச்சி நாவலின் பொது இலக்கணப்படி, சிறுவன் உண்மையை அறியும்போது முதிர்கிறான். இந்நாவலிலோ லூக் உண்மையை மறைக்கக் கற்கும்போது முதிர்கிறான். ஸ்ப்ரூயில் குடும்பத்தின் முரட்டு மகன் ஹேங்க், ஊர்ச்சண்டையில் சிஸ்கோ குடும்பத்து இளைஞன் ஒருவனை அடித்துக் கொல்கிறான். லூக் அதற்குச் சாட்சி. ஆனால் ஹேங்க் சிறைப்பட்டால் அவன் குடும்பமே மலைக்குத் திரும்பிவிடும். பருத்தி வயலிலேயே நின்று அழியும். தாத்தாவின் தயக்கத்துக்கு இக்கணக்கே காரணம். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பொய்யாமையைக் கேட்டு வளரும் சிறுவன், அறத்துக்கும் அறுவடைக்கும் இடையிலான முரணை முதன்முறையாக அங்கே எதிர்கொள்கிறான்.

பின்னர் மெக்சிகோ நாட்டவனான கௌபாய், ஹேங்க்கைக் கத்தியால் குத்திக் கொன்று ஆற்றில் இடுவதையும் லூக் காண நேர்கிறது. வெளியே சொன்னால் அவன் தாயைக் கொன்றுவிடுவதாக மிரட்டப்படுகிறான். லேச்சர் வீட்டு லிபி பெற்ற குழந்தைக்குப் போர்முனையிலுள்ள ரிக்கியே தந்தை என்னும் பேச்சு வீட்டுக்குள் அடக்கப்படுவதையும் அறிகிறான். ஒரே பருவத்துக்குள் இத்தனை மறைபொருள்கள் ஓர் ஏழு வயது உள்ளத்தில் அடுக்கப்படுகின்றன.

குற்றக்கதை எழுதிப் பழகிய கை இங்கும் நிகழ்ச்சிகளை மிகையாகக் குவித்துவிட்டது என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பெருநிகழ்வுகள் பலவும் ஒரே காரணத்தில் வேர்கொண்டுள்ளன. ஒருவரையொருவர் முன்பின் அறியாத மனிதரை ஒரே நிலத்தில் சில வாரங்கள் அடைத்துவைப்பது பருத்தி எடுப்பு. அவர்களிடையே எழும் காதலையும் பகையையும் கொலையையும் கண்டும் காணாதிருக்குமாறு குத்தகைக் குடும்பத்தைக் கட்டாயப்படுத்துவதும் அதுவே. கடை முதலாளியிடம் பட்ட கடன் அறுவடைக்குப் பின் தீர்க்கப்படுவதைப் போல, உண்மையும் அறுவடைக்குப் பின் பேசப்படுவதாகத் தள்ளிவைக்கப்படுகிறது. மறைபொருள் இந்நாவலில் கடனின் மற்றொரு வடிவமாகும்.

வண்ணம் பூசுதலும் பிரிவும்

நாவலின் தலைப்பு நிகழ்வும் இவ்வழியே விளங்குகிறது. சாண்ட்லர் வீடு ஒருநாளும் வண்ணம் காணாத மரவீடு. தாய் கேத்லீனோ வண்ணம் பூசிய வீட்டில் வளர்ந்தவள். வண்ணமற்ற வீட்டைச் சுட்டி ஹேங்க் லூக்கை இகழ்கிறான். ஆனால் அதே குடும்பத்தின் உடல் ஊனமுற்ற சிறுவன் டிராட், யாரும் அறியாமல் அவ்வீட்டுக்கு வெள்ளை வண்ணம் பூசத் தொடங்குகிறான். பின்னர் வீட்டாரும் மெக்சிகோத் தொழிலாளரும் அப்பணியைத் தொடர்கின்றனர். பேஸ்பால் அணியின் மேற்சட்டை ஒன்று வாங்குவதற்காகச் சேர்த்துவந்த பருத்திக் கூலியை லூக் வண்ணம் வாங்கச் செலவிடுகிறான். மறைத்தலால் மட்டும் முதிர்ந்துவந்த சிறுவன், தானே முன்வந்து கொடுப்பதால் முதிரும் ஒரே இடம் இதுவாகும்.

ஆனால் வண்ணம் பூசி முடிக்கும் வேளையில் அக்குடும்பம் பிரிகிறது. ஆற்று வெள்ளம் எஞ்சிய பருத்தியை மூழ்கடிக்கிறது. கடன் நிற்கிறது, விளைச்சல் இல்லை. கார்த் தொழிற்சாலை வேலையை நாடி லூக்கின் பெற்றோர் அவனுடன் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகருக்குப் புறப்படுகின்றனர்; தாத்தாவும் பாட்டியும் நிலத்திலேயே தங்கிவிடுகின்றனர். திணைக்கோட்பாட்டை அயல்நாட்டுப் படைப்புகள்மீது இயந்திரகதியில் பொருத்துவது பயன் தராது. எனினும் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் மாந்தர் ஒழுக்கத்தை எவ்வாறு வரையறுக்கிறது என்னும் அதன் அடிப்படைக் கேள்வி இங்குப் பொருந்துகிறது. வறட்சியால் அன்றி வெள்ளத்தால் நேரும் பாலை இது. அதன் உரிப்பொருளும் பிரிவே.

நாவலின் மௌனம்

இந்நாவலைப் பாராட்டும்போதே அதன் மௌனத்தையும் சுட்டியாக வேண்டும். ஆர்கன்சாஸ் பருத்தி நிலங்களின் வரலாறு கறுப்பின மக்களின் உழைப்பினின்று பிரிக்க முடியாதது. 1919இல் அம்மாநிலத்தின் எலெய்ன் பகுதியில், விளைபொருளுக்கு நியாயமான விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பின வாரக்குடிகள் படுகொலை செய்யப்பட்டனர். 1934இல் டைரோன்சா என்னும் ஊரில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இணைந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். கதை நிகழும் வட்டாரத்துக்கு அணித்தாக உள்ள ஊர் அது. கதைக்காலத்துக்கும் அந்நிகழ்வுக்கும் இடைவெளி பதினெட்டு ஆண்டுகளே. இவ்வரலாறு நாவலின் கதையோட்டத்தில் இடம்பெறவில்லை; கறுப்பின மாந்தர்க்கும் அதில் ஏறத்தாழ இடமே இல்லை. சிறுவனின் பார்வை என்பது இம்மௌனத்துக்கு ஒரு காரணமாகலாம், போதிய விளக்கமாகாது. குழந்தைக் கதைசொல்லி அறியாதவற்றையெல்லாம் அறியாமையின் பெயரால் நீக்கிவிடும் வசதி ஆசிரியருக்கு உண்டு. அவ்வசதி எங்கே பயன்படுத்தப்பட்டது என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும்.

தமிழ் ஆய்வுக்கு

இக்கேள்வி தமிழ் நாவல் ஆய்வுக்கும் உரியது. பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலில் பதின்வயதுச் சிறுவன் தானே கொலை செய்கிறான். தந்தை அவனோடு காட்டில் அலைகிறார். உறவினர் அச்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர். லூக்கோ பிறர் செய்த கொலையைக் கண்டு, அச்சுமையைப் பெற்றோரிடம் இறக்கிவைக்க இயலாமல் தவிக்கிறான். நிலத்தோடு பிணைந்த வன்முறை இரு சிறுவரையும் முதிர்விக்கிறது. ஒருவன் உறவுக்குள் முதிர்கிறான். மற்றவன் தனிமையில் முதிர்கிறான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நிலமுடையோரிடம் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவனின் இளமையைக் கூறுகிறது. லூக்கைவிட, லேச்சர் வீட்டுப் பிள்ளைகளோடும் தொழுவப் பரணில் உறங்கிய தொழிலாளரோடும் ஒப்பிடத்தக்கவன் அச்சிறுவன். கிரிஷாமின் நாவல் யாருடைய வாயால் சொல்லப்படாமல் போயிற்றோ, அத்தகையோரின் பக்கத்திலிருந்து தமிழ் நாவல் பேசியிருக்கிறது.

இத்தகைய படைப்புகளை ‘மண்வாசனை’, ‘வட்டார வழக்கு’, ‘இளமை நினைவு’ என்னும் தலைப்புகளின்கீழ் மட்டும் அடக்குவது, கிரிஷாமை நினைவு நாவலாசிரியராகச் சுருக்கியதற்கு ஒப்பான பிழையாகும். வட்டாரச் சொற்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் ஆய்வுகள் தேவையானவையே. ஆனால் அச்சொற்களில் எவை கூலியையும் எவை கடனையும் குறிக்கின்றன, அவற்றைச் சிறுவன் யாரிடமிருந்து கற்கிறான், எவற்றை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை என்பனவும் ஆராயப்பட வேண்டும்.

முடிவுரை

உழவுக்குடிச் சிறுவனின் முதிர்ச்சியைத் தன்னையறிதல் என்னும் ஒற்றை அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. அவன் முதலில் அறிவது எடையையும் கடனையும் காலத்தையும். எதை, யாரிடம், எப்போது சொல்லலாம் என்பதையும் அவற்றோடு சேர்த்தே அறிகிறான். ‘எ பெயின்டட் ஹவுஸ்’ இவ்வறிவின் விலையைச் செம்மையாகக் காட்டுகிறது. அவ்விலையை மேலும் மிகுதியாகக் கொடுத்தவர்களைப் பற்றி வாய் திறவாதிருக்கிறது. வளர்ச்சி நாவல் என்னும் வகைமையை உழைப்பின் பக்கத்திலிருந்து மறுவரையறை செய்வதற்குரிய சான்றுகள் கரிசல், கொங்கு வட்டார நாவல்களில் நிறைந்துள்ளன. அவற்றை அந்நோக்கில் வாசிக்கும் பணி தமிழ் ஆய்வுலகின் முன் உள்ளது.