நான்கு என்றால் பசு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் வந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகள் எந்நேரமும் கார்ட்டூன் பார்க்கிறார்கள் என்பதுதான் அது. அதிலும் ஒரு கார்ட்டூன் மேல் என் நண்பர்களுக்குத் தனிக் கோபம். எண்களுக்குக் கண்ணும் வாயும் வைத்து, கை கால் முளைக்க வைத்து, ஆடிப் பாட விடுகிறார்களாம். "நாமெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிச்சுக் கணக்கு படிக்கலையா? ஒண்ணாம் நம்பருக்கு எதுக்குய்யா வாய்?" என்று கேட்கிறார் ஒருவர்.

நான் கருவூலத்தில் முப்பத்து மூன்று வருடம் எண்களோடு குடித்தனம் நடத்தியவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கார்ட்டூன் நல்லது. ஆனால் நண்பர்களின் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் போகவேண்டிய இடம்தான் வேறு.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெயர் 'நம்பர்பிளாக்ஸ்'. இங்கிலாந்தில் பிபிசியின் குழந்தைகள் தொலைக்காட்சியில் 2017 ஜனவரியில் தொடங்கியது. இதற்கு முன் எழுத்துகளை வைத்து 'ஆல்ஃபாபிளாக்ஸ்' செய்தவர்களும் லண்டனில் உள்ள புளூ ஸூ என்ற அனிமேஷன் நிறுவனமும் சேர்ந்து எடுத்தது. அந்த நாட்டில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசிய மையம் ஒன்று ஆலோசனை சொல்லியிருக்கிறது. ஆகவே யாரோ பொழுதுபோகாமல் வரைந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒன்று என்பது ஒரே ஒரு சிவப்புக் கட்டி. அதற்குக் கண்ணும் ஒன்றுதான். அதன் மேல் இன்னொரு ஒன்று ஏறி நின்றால் இரண்டு. இரண்டுக்கு ஆரஞ்சு நிறம், மூக்குக் கண்ணாடி. மூன்று மஞ்சள். நான்கு பச்சை, சதுரம் என்றால் அதற்கு உயிர். ஏழுக்கு வானவில்லின் ஏழு நிறம். ஒன்பது தும்மினால் துண்டு துண்டாகச் சிதறிப் பிறகு சேரும். பதின்மூன்று பாவம், அடிக்கடி உடைந்துபோகும். உடையும்போது ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் மூன்று.

இதில் நான் கவனித்த விஷயம் கண்ணும் வாயும் அல்ல. நாம் எழுதுகிற 1, 2, 3 என்ற குறி அங்கே அந்தந்தப் பொம்மையின் தலைக்கு மேல் சின்னதாக மிதக்கிறது. உடம்பு முழுவதும் கட்டிகள். அதாவது, எண் என்பது எத்தனை என்ற அளவு, குறி அதன் பெயர்ப்பலகை. நம்மில் பலருக்கு இது தலைகீழாகத்தான் சொல்லித்தரப்பட்டது. சிலேட்டில் 8 போட்டுப் பழகினோம். எட்டுக்கும் அந்த இரண்டு சுழிக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லவில்லை. 7 என்ற வளைந்த கோட்டைப் பார்த்தால் அதில் ஏழு எங்கே இருக்கிறது? எட்டு, ஏழைவிட ஒன்று உயரம் என்பதைக் குழந்தை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் கூட்டல் தானாக வரும்.

எண்ணுக்கு உயிர் கொடுப்பது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து முத்து போட்டால் எழுபது. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தவுடன் பாட்டி என்ன கத்துவாள்? "பசு!" நான்கு என்றால் பசு. அந்தக் குழிக்காரர் சட்டென்று அள்ளிக்கொள்ள வேண்டும். எண்ணிப் பார்க்க நேரம் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் நான்கு என்று தெரிய வேண்டும். நம் வீட்டுத் திண்ணையில் நான்கு என்ற எண் நாலு காலோடு நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

கோலமும் அப்படித்தான். நடுவில் ஐந்து புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஊடுபுள்ளியாக நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை? இருபத்தைந்து. ஐயைந்து இருபத்தைந்து. ஒரு மூலையிலிருந்து பார்த்தால் அது பக்கத்துக்கு ஐந்து வீதம் அமைந்த சதுரம்தான். ஒரு பக்கம் மட்டும் ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணினால் பதினைந்து. அந்தக் கார்ட்டூனில் பதினைந்து என்ற பொம்மை படிக்கட்டு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்கி நிற்கிறது. அதைப் பார்த்ததும் என் மனைவி, "இது நம்ம மார்கழிக் கோலத்துல பாதி" என்றாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நம் முத்தியால்பேட்டை தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். தறிக்காரர்கள் எண்ணைக் கையால் தடவிப் பார்த்தவர்கள். பழைய துணி வியாபாரத்தில் 'புஞ்சம்' என்று ஒரு கணக்கு உண்டு. நூற்றிருபது பாவு இழை ஒரு புஞ்சம். புஞ்சம் கூடக் கூடத் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். நூற்றிருபது என்பது அவர்களுக்குக் காகிதத்தில் எழுதிய எண் இல்லை, விரலுக்குள் அடங்கிய ஒரு கனம்.

மேல்நாட்டுப் படிப்பாளிகளும் பிறகு இந்த வழிக்கே வந்தார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து மணி, நூறுக்கு ஒரு சதுரப் பலகை, ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். குழந்தை ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும். ஆயிரம் என்றால் என்ன என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். பெல்ஜியத்தில் ஜார்ஜ் குசினேர் என்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியர், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை நிறம் தீட்டிய மரக்குச்சிகளை வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 1952-ல் வந்தது. இன்றைய கார்ட்டூன் பொம்மைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குச்சிகளின் ஞாபகம்தான் வருகிறது.

அப்படியானால் வாய்ப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கண்டிப்பாக வேண்டும். எட்டேழு ஐம்பத்தாறு என்பது கேட்ட மாத்திரத்தில் வாயில் வரவேண்டும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியும் பழகினார்கள். வாயும் கையும் சேர்ந்தே படித்தன. கையை விட்டுவிட்டு வாயை மட்டும் பிடித்துக்கொண்டது பிற்பாடு வந்த வழக்கம். அந்தக் கார்ட்டூன் கண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இன்னும் பாக்கி இருப்பது கை.

இங்கேதான் நண்பர்களின் கோபத்துக்கு நியாயம் வருகிறது. திரையில் இருக்கும் கட்டியைத் தொட முடியாது. குழந்தை பார்த்துச் சிரிக்கும், பாட்டையும் பாடும், ஆனால் ஏழு புளியங்கொட்டையை எடுத்துவரச் சொன்னால் எட்டு எடுத்துவரும். அது கார்ட்டூனின் குற்றம் இல்லை. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பதுதான் குற்றம்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. மொழி.

நம் தெருவில் பூ விற்கும் அம்மாவிடம் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கிறது. "எவ்வளவும்மா?" என்று கேட்டேன். "செவன்ட்டி ருபீஸ் சார்." செல்போனில் பணம் அனுப்பினேன். உடனே அந்தப் பெட்டி அழகான தமிழில் எழுபது ரூபாய் பெறப்பட்டது என்றது. பெட்டி தமிழில் எண்ணுகிறது, நாம் எண்ணுவதில்லை. பையன்களிடம் போன் நம்பர் கேட்டால் நைன் எயிட் என்றுதான் வருகிறது. தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் எழுபத்தொன்பது என்றால் எது என்று ஒரு நொடி யோசனை. ஒரு மொழியில் அம்மா, சோறு, தண்ணீர் எல்லாம் மிஞ்சி நிற்கும்போதே எண்கள் மட்டும் முதலில் கழன்றுவிடுகின்றன. கார்ட்டூன் வருவதற்கு முன்பே இது ஆரம்பித்துவிட்டது. கார்ட்டூன் அதை இன்னும் மூன்று வயது முன்னால் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

நட்டம் நமக்குத்தான். ஏனென்றால் நம் எண்ணின் பெயரே கணக்கைச் சொல்லித்தரும். ஆங்கிலத்தில் எலெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. தர்ட்டீன் என்பதில் மூன்று முதலில் வருகிறது, எழுதும்போதோ 1 முதலில் வருகிறது. நம் பதின்மூன்றில் பத்து முன்னால், மூன்று பின்னால், எழுதுகிற அதே வரிசை. பொம்மையை உடைத்துக் காட்டி அவர்கள் புரியவைப்பதை நம் சொல் உச்சரிப்பிலேயே காட்டிவிடுகிறது.

பிரெஞ்சு படித்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். எழுபது வேண்டுமானால் அறுபதும் பத்தும் என்று சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்பதுக்கு நாலு இருபது, பத்து, ஒன்பது. வகுப்பில் இதற்காகக் காது திருகப்பட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் குசினேரின் பெல்ஜியத்தில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க வேண்டாம். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு என்று நூறு முன்கூட்டியே தலைகாட்டும். எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம். ஒன்பதுக்குப் பழந்தமிழில் 'தொண்டு' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தச் சொல் போய்விட்டது, ஒலி மட்டும் தங்கிவிட்டது. என் பேத்தி ஒரு நாள் எண்பதுக்கு அப்புறம் "ஒன்பதுபது" என்றாள். அவள் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. மொழியின் ஒழுங்கைப் பிடித்துக்கொண்ட குழந்தைதான் அப்படிச் சொல்லும்.

ஆகவே என் கட்சி இதுதான். கார்ட்டூனை நிறுத்தாதீர்கள். ஒரு பகுதி ஐந்து நிமிஷம்தான் ஓடும். கூடவே உட்காருங்கள். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு ஒரு பிடி புளியங்கொட்டையைத் தரையில் போடுங்கள். அங்கே வந்த எண்ணை இங்கே அடுக்கச் சொல்லுங்கள், தமிழில் எண்ணச் சொல்லுங்கள். மார்க்கெட்டுக்குப் போனால் கூட அழைத்துப் போங்கள். முட்டைக் கடையில் அட்டையைக் காட்டுங்கள்: ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் ஆறு, மொத்தம் முப்பது. ஆறாம் வாய்ப்பாட்டுக்கு அதைவிட நல்ல படம் எந்தக் கார்ட்டூனிலும் கிடையாது. தோசையை மடித்தால் அரை, இன்னொரு மடிப்பு மடித்தால் கால், இன்னும் ஒன்று மடித்தால் அரைக்கால். பதினாறணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் வளர்ந்த நமக்கு வீசம் என்றால் ஓரணா என்று தெரியும். அடுத்த மடிப்பு அதுதான். 1957-ல் நயா பைசா வந்தபோது போன சொல்லைத் தோசைக் கல்லில் திரும்ப எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கென்று ஒன்றை யாராவது செய்ய வேண்டும். அங்கே எடுத்த படத்துக்கு இங்கே குரல் கொடுத்தால் போதாது. எலெவன் என்பதற்காக எழுதிய வேடிக்கை பதினொன்றுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2019 முதல் அரசின் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. நம் பக்கம் கணினியில் படம் வரையும் இளைஞர்களுக்கும் குறைவில்லை. நான்கு பசுவாக வரட்டும். இருபத்தைந்து கோலமாக வரட்டும். நூற்றிருபது ஒரு தறியில் உட்காரட்டும். தொண்ணூறு ஏன் நூறு மாதிரி வேஷம் போடுகிறது என்று ஒரு பகுதி முழுக்கச் சிரிக்க வைக்கலாம்.

அது வருகிறவரைக்கும் நம் கையில் இருப்பது ஓய்வு நேரமும் புளியங்கொட்டையும். இரண்டும் நம் வீடுகளில் தாராளமாக இருக்கின்றன. இன்று சாயங்காலம் பேரனையோ பேத்தியையோ உட்காரவைத்து எழுபதிலிருந்து நூறுவரை தமிழில் எண்ணச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.